அஞ்சரை மணி நேரம் கூட்டினேன்

போன வருஷம் தை மாதம், அரியலூரில் நடந்தது. எனக்கு வயது ஐம்பத்திரண்டு. ஸ்கூட்டரையே குழியில் விடுகிற நான், கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிறேன். அந்த விளையாட்டில் திருச்சி ஏர்போர்ட் அச்சு அசலாக இருக்கும். ஆனால் என்னைத் தவிர அங்கே ஈ, காக்கா கிடையாது. நிஜ விமானங்கள் வந்துபோகும் நேரங்களைத் தேடிக் கொடுத்தால் அவற்றையும் பறக்கவிடும். ஒரு மாதமாக இணையத்தில் தேடினேன். கிடைத்ததெல்லாம் பழைய பட்டியல். கடைசியாகக் கிடைத்ததில் நேரமெல்லாம் லண்டன் கணக்கு. அஞ்சரை மணி கூட்ட வேண்டும். கூட்டிக் கூட்டி, எங்கே நேரத்தைப் பார்த்தாலும் கை பரபரத்தது.

அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பெண் செல்லோடு வந்தார். சிங்கப்பூரில் இருக்கும் கணவர் மறுநாள் வருகிறார். அவர் கிளம்பியபோது வயிற்றில் இருந்த மகளுக்கு இப்போது இரண்டரை வயது. அப்பாவைச் செல்லில்தான் பார்த்திருக்கிறாள்.

"அவரு வெளிய வரும்போது பாப்பா முன்னால நிக்கணும்ண்ணே. இந்த டிக்கெட்டக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

திருச்சி, 10.10 என்றிருந்தது. "இது லண்டன் நேரம்மா. நம்மளுக்கு மதியம் மூணு நாப்பது" என்றேன், பைலட் குரலில்.

அவர் அங்கேயே நின்று, ஸ்பீக்கரில் வேன்காரரைக் கூப்பிட்டு, விமானத்தின் பெயரைச் சொல்லி, "மூணு நாப்பதுக்குத்தான் எறங்குதாம், மதியம் ஒரு மணிக்கு வந்தாப் போதுங்க" என்றார்.

"அது காலைல பத்து பத்துக்கே எறங்கிருமேம்மா. டிக்கெட்டுல அந்தந்த ஊரு நேரந்தான் போடுவான். எந்தப் புண்ணியவான் மூணு நாப்பதுன்னு சொன்னது?" என்றார் வேன்காரர்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். "நாந்தாங்க தப்பாப் பாத்துட்டேன்."

எனக்குக் காது சுட்டது. "புண்ணியவான் பேசுறேங்க. கம்ப்யூட்டர் ஏர்போர்ட்டுல பிளேன் ஓட்டி, லண்டன் நேரமாவே பழகிருச்சு" என்று நானே போனில் ஒப்புக்கொண்டேன்.

வேன்காரர் சிரித்துவிட்டார். "ஏழு மணிக்கு வந்துர்றேன். நீங்களும் ஏறிக்குங்க சார், நெசமான ஏர்போர்ட்டையும் ஒருக்காப் பாத்துட்டு வரலாம்."

போனேன். வேன்காரர் ஆண்டிமடத்துக்காரர்; அவர் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு. எந்த விமானம், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு இறங்கும், பெட்டி வர எவ்வளவு நேரமாகும், எல்லாம் அதில் இருந்தது. ஒரு மாதம் நான் உலகமெல்லாம் தேடியது.

கணவர் வெளியே வந்ததும் குழந்தை அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டது. பிறகு செல்லையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கையை நீட்டியது.

இப்போது என் கம்ப்யூட்டர் திருச்சியில் அந்த நோட்டின்படிதான் விமானங்கள் இறங்குகின்றன. பத்து பத்து விமானம் வரும்போது மட்டும் என் விமானத்தை ஓரங்கட்டி வழிவிடுகிறேன். உள்ளே யாருமில்லை என்று தெரிந்தும், யாரோ ஒரு குழந்தையின் அப்பா அதில் வருவதாகவே இன்றும் தோன்றுகிறது.