கைதி வேடத்தில் பரிமாறிய விருந்து

ராஸ் தீவில் இறங்கியதும் நான் முதலில் சொல்வது, மான்களுக்குச் சிப்ஸ் கொடுக்காதீர்கள் என்பதைத்தான். யாரும் கேட்டதில்லை. படகுத்துறையிலேயே மான்கள் வந்து காத்து நிற்கும். பாக்கெட்டைப் பிரித்து நீட்டுவார்கள், மான் சிப்ஸோடு பாக்கெட்டையும் சேர்த்து இழுக்கும். வாயோரம் பளபளக்கும் தாள் தொங்க அது மெல்லுவதை வீடியோ எடுத்துவிட்டு, விரலில் பட்ட எச்சிலை என் துப்பட்டாவுக்கு அருகில் நின்று உதறுவார்கள். வெள்ளைக்காரர்கள் வேட்டையாடுவதற்காகக் கொண்டுவந்து விட்ட மான்களின் வாரிசுகள் இவை என்று சொன்னால், "அப்போ சாப்பிடலாமா மேடம்?" என்று ஒருவராவது கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் முன்னால் நடக்க ஆரம்பித்துவிடுவேன்.

நான் அந்தமானில், டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ராமநாதபுரத்திலிருந்து அரசு வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். போர்ட் பிளேரில் நான் டூரிஸ்ட் கைடு. தமிழ் பேசும் கூட்டம் எது வந்தாலும் என்னிடம்தான் அனுப்புவார்கள்.

ராஸ் சின்னத் தீவு. நிதானமாக நடந்தாலே ஒரு பொழுதுக்குள் முடிந்துவிடும். ஒரு காலத்தில் அந்தமான் முழுவதையும் வெள்ளைக்காரர்கள் இங்கிருந்துதான் ஆண்டார்கள். தலைமை அதிகாரியின் மாளிகை, நடனக்கூடம், ரொட்டி சுடும் இடம், தேவாலயம், டென்னிஸ் ஆட ஒரு மைதானம், நீச்சல் குளம். இவ்வளவுக்கும் காட்டை வெட்டிக் கல் சுமந்தவர்கள் கப்பலில் கொண்டுவரப்பட்ட கைதிகள். பிறகு நிலநடுக்கம் வந்தது, ஜப்பான்காரர்கள் வந்தார்கள், தீவு காலியானது. இப்போது கூரை ஒன்றும் மிச்சமில்லை. சுவர்களை ஆலமர வேர்கள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அந்த வேர்களில் சாய்ந்து கல்யாண ஜோடிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நடனக்கூடம் இருந்த இடத்தைக் காட்டினால் ஆடிக் காட்டுகிறார்கள். கைதிகள் எங்கே தூங்கினார்கள் என்று இத்தனை வருடத்தில் என்னிடம் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சிப்பிகாட் என்ற ஊரைத் தாண்டிப் போனால் கடலோரத்தில் ஒரு ரிசார்ட் இருக்கிறது. பெயர் வேண்டாம். அதன் மேனேஜர் சென்னைக்காரர். ஒருமுறை தன் விருந்தினர்களோடு அவரும் ராஸுக்கு வந்து, நான் சொன்னதையெல்லாம் கவனமாகக் கேட்டார். இந்த மனிதராவது கேட்கிறாரே என்று எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. கைதிகளின் கழுத்தில் மரத்தால் செய்த வில்லை ஒன்று தொங்கும், என்ன தண்டனை, எப்போது முடியும் என்பதெல்லாம் அதில் பொறித்திருக்கும் என்று நான் சொன்னபோது, செல்போனை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார்.

சில வாரம் கழித்துப் போன் செய்தார்.

"மேடம், நம்ம ரிசார்ட்ல ஒரு ஹெரிடேஜ் டின்னர் பண்றோம். ராஸ்ல சொன்னதையே இங்க வந்து சொல்லுங்க. ஆனா கொஞ்சம் லைட்டா. ஃபேமிலியா வர்றாங்க, யாரும் அழுதுடக் கூடாது."

சரி என்று போனேன். வேனில் என்னை அழைத்துப் போனவர் அந்த ரிசார்ட்டின் டிரைவர். ஐம்பதை நெருங்கியவர். அவருடைய பர்தாதா, அதாவது கொள்ளுத்தாத்தா, இங்கே கைதியாக வந்து, தண்டனை முடிந்தும் ஊர் திரும்பாமல் இங்கேயே பெண் எடுத்துக் குடியேறியவர். வீட்டில் பேசுவது இந்திதான் என்றாலும், டெய்ரி ஃபார்மில் எங்கள் தெருவிலேயே வளர்ந்ததால் தமிழும் பேசுவார். என்னைத் தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார். வழியெல்லாம் மகளின் நர்சிங் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.

ரிசார்ட்டில் புல்தரை முழுக்க மேஜை போட்டிருந்தார்கள். பின்னால் கடல். கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்பெனி தன் விற்பனையாளர்களைக் குடும்பத்தோடு கூட்டி வந்திருந்தது. வாசலிலேயே ஒவ்வொருவர் தலையிலும் வெள்ளைக்காரர் போட்டிருந்த மாதிரி அட்டைத் தொப்பி வைத்தார்கள். பெண்களுக்கு லேஸ் விசிறி. பரிமாறும் பையன்களுக்குக் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை, காலில் பிளாஸ்டிக் சங்கிலி. கழுத்தில் மரவில்லை. அதில் மேஜை எண் எழுதியிருந்தது.

என் வாய் சொன்ன விஷயம் அது. இறால் வறுத்த எண்ணெய் வாசனையோடு அதைப் பார்த்தபோது வாயில் எச்சில் ஊறியது, வாந்திக்கு முன்னால் ஊறுமே அப்படி.

"நல்லா வந்திருக்குல்ல மேடம்? உங்க ஐடியாதான்," என்றார் மேனேஜர்.

"இது ஐடியா இல்ல சார். மனுஷங்க கழுத்துல நிஜமா தொங்கினது."

"அதனாலதான் ஆத்தென்டிக்கா இருக்கு."

பையன் ஒருவனுக்குக் காய்ச்சல் என்று டிரைவருக்கும் கோடு போட்ட சட்டையை மாட்டிவிட்டார்கள். அவர் என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார். "டியூட்டி, தீதி. என்ன செய்ய." அவர் கழுத்தில் மூன்றாம் எண் மேஜை.

நான் மைக்கைப் பிடித்துப் பேசினேன். தீவு எப்படி இருந்தது, யார் கட்டினார்கள் என்று சொல்லச் சொல்ல, நண்டு ஓட்டை உடைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கைதிகளை எண்ணெய்ச் செக்கில் மாடு மாதிரிப் பூட்டினார்கள் என்றபோது, ஒருவர் கையை உயர்த்தி மயோனைஸ் கேட்டார். சங்கிலியை இழுத்தபடி ஒரு பையன் ஓடினான். அவன் ஓடிய விதத்துக்குக் கைதட்டல் விழுந்தது. நான் சொல்ல வேண்டியதைப் பாதியிலேயே முடித்துக்கொண்டு மைக்கை வைத்தேன். நிறுத்தியதை யாரும் கவனிக்கவில்லை.

பிறகு போட்டோ ஆரம்பித்தது. அலங்காரத்துக்காகச் சுவரில் ஒரு பிரம்பு மாட்டியிருந்தார்கள். மூன்றாம் மேஜைக்காரர் அதை எடுத்துக்கொண்டார். உதட்டில் சாஸ் ஒட்டியிருந்தது. மனைவி கையில் செல்போன்.

"அண்ணா, கொஞ்சம் குனிங்க. நான் அடிக்கிற மாதிரி ஒண்ணு."

டிரைவர் கையிலிருந்த தட்டை மேஜையில் வைத்தார். குனியவில்லை.

"குனிங்கண்ணா, சும்மா ஃபன்னுக்குத்தான்."

"ஸாப், என் பர்தாதா இங்க கைதியா வந்தவர்," என்றார் டிரைவர். குரல் உயரவில்லை. "அவரை நிஜமாவே அடிச்சாங்க. இந்த போட்டோ வேணாம்."

மூன்றாம் மேஜைக்காரர் பிரம்பை இறக்கினார். முகத்தில் ஏதோ மாறியது. இனி மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன்.

"நிஜமாவா? ஒரிஜினலா?" என்றவர் பின்னால் திரும்பி மற்ற மேஜைகளைக் கூப்பிட்டார். "டேய், இங்க வாங்கடா. இவரு ஒரிஜினல் கைதி ஃபேமிலி."

வந்தார்கள். தொப்பியும் விசிறியுமாக வந்து சுற்றி நின்றார்கள். ஒரு பெண் டிரைவரின் தோளில் கை போட்டுக்கொண்டாள். ஒருவர் தன் குழந்தையை அவர் பக்கத்தில் நிறுத்தினார். இன்னொருவர் சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்தார், துணியும் பழையதுதானோ என்கிற மாதிரி. அந்தத் தொடுதலை இப்போது நினைத்தாலும் என் கையில் பிசுபிசுப்பு ஒட்டுகிறது. நான் கூட்டத்தை விலக்கி உள்ளே போய், "போதும், அவரை விடுங்க," என்றேன். "நீங்களும் நில்லுங்க மேடம்," என்று என்னையும் படத்துக்குள் இழுத்தார்கள்.

டிரைவர் கழுத்திலிருந்த வில்லையைக் கழற்றி நண்டு ஓடுகளின் மேல் வைத்துவிட்டு வெளியே நடந்தார். வேன் சாவியை வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்தார். நான் பின்னாலேயே போனேன். மேனேஜர் கூப்பிட்டது கேட்டது, திரும்பவில்லை.

மெயின் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றோம். அவர் அந்தச் சட்டையைக் கழற்றிச் சுருட்டி வேலிக்கு அப்பால் எறிந்தார். பனியனோடு நின்றார்.

"கோவமா இருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"கோவம் இல்ல, தீதி. கின் ஆவுது," என்றார். அருவருப்புக்கு இந்தியில் சொல்லும் வார்த்தை அது. "அந்த ஆளு அடிக்கிறேன்னு சொன்னப்போகூட இப்படி ஆவல. அவங்க எல்லாரும் அன்பா வந்து தொட்டாங்க பாருங்க, அப்போதான்."

பஸ்ஸில் கண்டக்டர் அவருடைய பனியனை ஏற இறங்கப் பார்த்தார். என் துப்பட்டாவை எடுத்துக் கொடுத்தேன். வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மேனேஜர் போன் செய்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ உற்சாகமாக இருந்தார்.

"மேடம், நேத்து கெஸ்ட் எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சது எது தெரியுமா? டிரைவர் சொன்னாரே, அந்த இடம்தான். அதை ஷோவிலேயே வெச்சுடலாம்னு இருக்கோம். அவரைத் திரும்ப வரச் சொல்லுங்களேன்."

"வர மாட்டார் சார். நானும் வர மாட்டேன்."

"பரவாயில்ல, வேற ஆளை வெச்சுப் பண்ணிக்கிறேன்," என்று அவரே போனை வைத்தார்.

அப்படியே செய்தார். அந்தப் பருவம் முடிவதற்குள் ராஸ் தீவில் என்னோடு நடந்த ஓர் அம்மா, முந்தின நாள் ரிசார்ட்டில் ஒரு கைதியின் கொள்ளுப்பேரனைச் சந்தித்ததாகவும், அவர் பிரம்பைத் தடுத்துப் பேசியபோது தான் அழுதுவிட்டதாகவும் சொன்னார். படத்தைக் காட்டினார். அந்தப் பையனை எனக்குத் தெரியும். ராஞ்சியிலிருந்து ஹோட்டல் வேலைக்கு வந்தவன், கடலையே இங்கே வந்துதான் பார்த்தான்.

"அவன் இந்த ஊரே இல்லம்மா," என்றேன்.

"அப்படியா? ஆனா நல்லா பண்ணினாரு," என்றார் அவர். மான் ஒன்று வந்து அவர் பையை முகர்ந்தது. உள்ளே கை விட்டு எதையோ தேடினார். நான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டிரைவர் இப்போது ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில், கப்பலில் வந்திறங்கும் சரக்கை ஏற்றிப் போகும் ஒரு மினி லாரி ஓட்டுகிறார். ஒருநாள் அங்கே பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்து உட்காரச் சொன்னார். மகள் நர்சிங்கில் சேர்ந்துவிட்டாள் என்றார். ராஞ்சிப் பையன் விஷயத்தைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் சொல்லிவிட்டேன்.

டீயைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார்.

"பர்தாதா பேரைச் சொல்றானா?"

"பேரெல்லாம் சொல்றதில்ல."

"அப்போ சரி," என்றார். மீதி டீயைத் தரையில் கொட்டிவிட்டு லாரிக்குப் போனார்.