வாசிக்காமல் விட்ட வரி

அந்த ஆள் அப்பாவோடு தொலைபேசியில் பேசிய முதல் நாளே எனக்கு அவன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அரை மணி நேரம் பேசியவன், அப்பாவின் சிறுநீரகம் எதனால் பழுதானது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

மன்னார்த் தீவில் எங்கள் பக்கம் ஒருவருக்குச் சிறுநீரக வருத்தம் என்றால் எல்லோரும் முதலில் குற்றம் சொல்வது தண்ணீரைத்தான். அப்பாவுக்கும் அந்த வருத்தம் என்று தெரிந்த அன்றே அம்மா கிணற்றைப் பலகை போட்டு மூடினார். குடிக்கவும் சமைக்கவும் கலனில் சுத்தத் தண்ணீர் வந்தது. அப்பா கடற்கரையில் படகுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அந்தச் சுத்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு பீடி பற்றவைத்தார். தண்ணீரில் பிழையில்லை, சிறுநீரகத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி ஒடுங்கிவிட்டது, புகையும் பிறசர் என்கிற இரத்த அழுத்தமும் சேர்ந்து செய்த வேலை இது என்று கிளினிக் டொக்டர் சொன்னார். வீட்டில் அதை நம்பியவள் நான் மட்டும்தான்.

அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். முருங்கன் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கரண்ட் பில் முதல் ஆஸ்பத்திரிக் கடிதம் வரை நான் வாசித்துச் சொன்னால்தான் வீட்டில் மற்றவர்களுக்குத் தெரியும். அதில் எனக்குப் பெருமை இருந்தது, இப்போதும் இருக்கிறது.

ஆனால் யாழ்ப்பாணத்தில் எடுத்த ஸ்கேன் கடிதத்தில் ஒரு வரியை நான் வாசிக்கவில்லை. அப்பாவின் வலது சிறுநீரகம் சுருங்கிவிட்டது, அது இனி வேலை செய்வது அரிது என்று அதில் இருந்தது. அவரை உயிரோடு வைத்திருப்பது இடது ஒன்றுதான். அந்த இடத்தைத் தாண்டி, “கவனமாய் இருந்தாச் சரியாம்” என்று முடித்துவிட்டேன். அவர் பயப்படக்கூடாது என்பதற்காகச் செய்தேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

அந்த ஆளின் தொலைபேசி இலக்கம், போர்க்காலத்தில் தமிழ்நாட்டு மண்டபம் அகதி முகாமில் அப்பாவோடு இருந்த சிநேகிதர் அனுப்பிய வீடியோவில் வந்தது. சென்னையில் ஏதோ ஒரு நிலையத்தின் ஒருங்கிணைப்பாளர் என்று தன்னைச் சொன்னான்.

“ஐயா, கவலையே படாதீங்க. உங்க வயித்துக் கொழுப்புலேர்ந்தே ஸ்டெம் செல் எடுத்து உங்க கிட்னிக்குள்ள விடுறோம். புது கிட்னி மாதிரி ஆயிடும்.”

அப்பா ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

“அப்பா, உவன் கதைக்கிற மாதிரியே சரியில்லை,” என்றேன்.

“உனக்கு ஆர் கதைச்சாலும் சரிவராது ரீச்சர். நீ கைக்குழந்தையா இருக்கேக்கை முகாமிலை உனக்கு வலிப்பு வந்து கண் செருகிப்போச்சு. உவன்ரை உந்தத் தமிழ் கதைச்ச டொக்டர்தான் மூண்டு நாள் பக்கத்திலை நிண்டு உன்னை எடுத்துத் தந்தவர். தெரியுமோ?”

தெரியும்.

அடுத்த கிளினிக் நாளில் டொக்டரிடம் நேரடியாகக் கேட்டேன். முழுப் பொய் என்று அவர் சொல்லியிருந்தால் எனக்கு வேலை சுலபமாய் இருந்திருக்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை. நாடி ஒடுங்கி இரத்தம் குறைந்த சிறுநீரகங்களுக்கு இப்படி நோயாளியின் கொழுப்பிலிருந்தே ஸ்டெம் செல் கலங்களை எடுத்து, வளர்த்து, நாடிக்குள் விட்டுப் பார்க்கிறார்கள்; சிலருக்கு இரத்த ஓட்டம் கொஞ்சம் கூடியிருக்கிறது; ஆனால் அது இன்னும் ஆராய்ச்சிதான், புதுச் சிறுநீரகம் முளைக்கும் என்று யாரும் சொல்லவில்லை, இப்போதே அதைச் சிகிச்சை என்று விற்கிறவர்களிடம் கவனம் என்றார். என் சந்தேகம் இன்னும் கூடியது. அவன் ஒன்றுமில்லாததைச் சொல்லவில்லை. இருக்கிற ஒன்றை ஊதிப் பெரிதாக்கியிருந்தான்.

அதற்கு அடுத்த வாரம் அப்பாவின் கணுக்கால் வீங்கியிருப்பதைக் கண்டேன். விரலால் அமத்தினால் குழி விழுந்தது. அம்மாவைக் கேட்டேன்.

“அந்தத் தம்பி சொன்னவராம், அங்கை போக முன்னம் இங்கிலீசுக் குளிசை எல்லாத்தையும் நிப்பாட்டச் சொல்லி. நாலு நாளாய்ப் போடேல்லை.”

பிறசர் மாத்திரை இல்லாமல் பிறசர் ஏறினால் அந்த இடது சிறுநீரகமும் போய்விடும். கத்தினால் அப்பா கேட்கமாட்டார். அதனால் அலுமாரியைத் திறந்து, உயர்தரம் படித்த காலத்தில் வயிற்று வலிக்கு எனக்கு எடுத்த ஸ்கேன் றிப்போட்டைத் தேடி எடுத்தேன். இரண்டு சிறுநீரகங்களும் இயல்பானவை என்று தெளிவாக எழுதியிருந்தது. பெயரையும் வயதையும் விரலால் மறைத்துப் படமெடுத்து, அப்பாவின் றிப்போட் என்று சொல்லி அந்த ஆளுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் குரல் பதிவு வந்தது. அதை முற்றத்தில் கதிரையில் இருந்த அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன்.

“மேடம், ரிப்போர்ட் பாத்துட்டோம். ரெண்டு கிட்னியும் ரொம்ப டேமேஜ். உங்க ஊர்த் தண்ணி அப்படி. ஆனா நம்ம ட்ரீட்மென்டுக்குப் பொருத்தமான கேஸ். லேட் பண்ணாம கிளம்பி வாங்க.”

“இது ஆற்றை றிப்போட் தெரியுமோ அப்பா? என்ரை.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “ஐயோ, கலியாணம் முடிக்க முன்னமே இவளின்ரை ரெண்டு கிட்னியும் போட்டுது!”

அப்பா சிரிக்கவில்லை.

“நல்லாய்த்தான் பிடிச்சிருக்கிறாய். அவன் பொய்க்காரன், ஓம். நீ?”

“நானோ?”

“ஸ்கேன் கடிதம் வாசிச்சனீ. நடுவிலை உன்ரை விரல் ஒரு இடத்திலை நிண்டது. பிறகு ஒண்டும் சொல்லாமல் கீழை இறங்கினது. எனக்கு எழுத்துத்தான் தெரியாது பிள்ளை. விரல் போறது தெரியும்.”

நான் கைபேசியை அணைத்தேன்.

“நீ ஒளிக்கிறாய் எண்டு தெரிஞ்ச பிறகுதான் அவனோடை கதைச்சனான். அவன் எண்டாலும் கேட்டதுக்கெல்லாம் மறுமொழி சொன்னான்.”

இத்தனை நாளும் அவர் அந்த ஆளை நம்பியதை மட்டும்தான் நான் பார்த்திருந்தேன். என்னை நம்பாமல் விட்டதைப் பார்க்கவில்லை.

கடிதத்தை எடுத்துவந்து அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். மேல் வரியில் விரலை வைத்து, எங்கும் தாண்டாமல், ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். வலது சிறுநீரகம் சுருங்கிய வரி வந்தபோது அவர் மூச்சுச் சத்தம் மாறியது. நான் நிறுத்தவில்லை.

“அப்ப உது செத்துப்போச்சோ?”

“கிட்டத்தட்ட.”

“உந்த ஸ்டெம் செல் அதை எழுப்பாதோ?”

“இப்ப ஏலாது. ஆராய்ச்சி நடக்குது. என்ன வருமெண்டு தெரியாது. வந்தால் வாசிச்சுச் சொல்லுவன்.”

“முழுசாயோ?”

“முழுசாய்.”

அப்பா கடிதத்தை வாங்கி மடித்தார். நான் கிளினிக்குக்கு அழைத்து நடந்ததைச் சொன்னேன். குளிசையை உடனே தொடங்கிவிட்டு, காலையில் அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார்கள். அம்மா குளிசை அட்டைகளைக் கொண்டுவந்து அப்பாவின் மடியில் வைத்தார். அவர் ஒன்றை எடுத்து நீட்டினார்.

“இதிலை என்ன எழுதிக்கிடக்கு?”

பெயரைச் சொன்னேன். எதற்கு என்றும் சொன்னேன். மற்ற இரண்டையும் கேட்டார், சொன்னேன். பிறகு மூன்றையும் மடிக்குள் வைத்துக் கலைத்து, முதல் அட்டையை மறுபடி எடுத்து, தலைகீழாக என் முன்னால் நீட்டினார்.

இரண்டாம் தடவையும் நான் அதே பெயரைச் சொன்ன பிறகுதான் குளிசையை உடைத்து வாயில் போட்டார்.