நுஸைபா எழுதாத வரி

பன்றிக்காய்ச்சல் நாடு நாடாகப் பரவிக்கொண்டிருந்த அந்த ஆண்டு, திண்டுக்கல் பேருந்து நிலையச் சுவரில் தன் மகளின் பெயரைப் பார்த்த அப்துல் கையூம், வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்றார். தோல் மண்டியில் ஆட்டுத்தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிப்பது அவர் வேலை. மகள் நுஸைபா நுண்ணுயிரியலில் முனைவர் பட்டம் வாங்கியபோது தெருவுக்கே பிரியாணி போட்டவர். இப்போது அரசாங்கச் சுவரொட்டியிலேயே அவள் பெயர். ஒட்டிக்கொண்டிருந்த ஆளிடம் ஒன்றைக் கேட்டு வாங்கிச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"இங்க பாரும்மா. அறிவியல் ஆலோசனை, டாக்டர் நுஸைபான்னு போட்டிருக்காக. செத்த சத்தமாப் படி, உங்கம்மாவும் கேக்கட்டும்."

நுஸைபா படிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார்.

"அத்தா, இது நான் எழுதினது இல்ல."

நுஸைபா மாவட்டத்தின் நோய்க் கண்காணிப்புப் பிரிவில் ஒப்பந்த வேலையில் இருந்தார். எந்த ஊரில் காய்ச்சல் ஏறுகிறது, யாரை அதிகம் தாக்குகிறது என்று பார்த்து அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டும். மக்களுக்குப் புரியும்படி எழுதியும் தர வேண்டும். மற்ற நாடுகளிலிருந்து வந்த ஆய்வுகளை அவர் தினமும் படித்தார். ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. கர்ப்பிணிகளை இந்தக் காய்ச்சல் மோசமாகத் தாக்குகிறது. சீக்கிரமே நுரையீரலைப் பிடித்துவிடுகிறது. அதற்கென்று தனி மாத்திரை உண்டு. ஆனால் தொடக்கத்திலேயே கொடுத்தால்தான் முழுப் பலன். இங்கே எடுக்கும் தொண்டைச் சளி மாதிரி சென்னைக்குப் போய் முடிவு வருவதற்குள் அந்த நேரம் கடந்துவிடும்.

அதனால் அவர் இப்படி எழுதிக் கொடுத்திருந்தார்: ‘கர்ப்பிணிகளுக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தால் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு வந்து மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.’

சுவரொட்டியில் இருந்தது இது: ‘காய்ச்சல் உள்ள அனைவரும் பரிசோதனை முடிவு வரும்வரை வீட்டிலேயே தனித்திருக்கவும். பீதி அடைய வேண்டாம்.’

மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும், சுவரொட்டிக்கு ஒப்புதல் கொடுத்த அதிகாரியின் அறைக்குப் போனார். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்த வரியை ஏன் எடுத்தீங்க?"

"கர்ப்பிணின்னு போட்டா ஊரே பதறும்மா. நாளைக்கே பேப்பர்காரன் வந்து நிப்பான். அம்புட்டுப் பேருக்கும் மாத்திரைக்கு எங்க போறது?"

"இருக்கிற மாத்திரையை முதல்ல இவங்களுக்குக் குடுக்கணும்னுதான் சார் எழுதினேன். மத்தவங்க தாங்குவாங்க. இவங்களால முடியாது."

"நீங்க சயின்டிஸ்ட். டேட்டாவைக் குடுங்க. ஜனங்களுக்கு என்ன சொல்லணும்னு எங்களுக்குத் தெரியும்."

"அப்ப என் பேரை எடுத்துருங்க சார்."

"எல்லா ஊருக்கும் போயிருச்சேம்மா" என்றார் அவர், ஏதோ கல்யாணப் பத்திரிகையில் எழுத்துப்பிழை வந்துவிட்டதைப் போல.

நுஸைபா சென்னைக்கு மின்னஞ்சல் அனுப்பினார். பதில் இல்லை. மறுபடி அனுப்பினார். அரசு மருத்துவமனையில் பிரசவப் பிரிவு மருத்துவர்களை நேரில் பார்த்துச் சொன்னார். அவர்கள் புரிந்துகொண்டார்கள். ஆனால் வத்தலக்குண்டுப் பக்கத்துக் கிராமங்களில், தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சின்னச் சின்ன சுகாதார நிலையங்களில், அந்தச் சுவரொட்டிதான் பேசிக்கொண்டிருந்தது.

சேவுகம்பட்டியில் மல்லிகைத் தோட்டம் வைத்திருந்தவர் நல்லுசாமி. அவர் மகள் முத்துப்பேச்சி வளைகாப்பு முடிந்து அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். முதல் பிரசவம். ஒரு சாயங்காலம் உடம்பு அனலாய்க் கொதித்தது. மறுநாளே நல்லுசாமி அவளைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார். சளி எடுத்தார்கள், சாதாரணக் காய்ச்சல் மாத்திரை கொடுத்தார்கள், சுவரைக் காட்டி அதன்படி நடக்கச் சொன்னார்கள். முத்துப்பேச்சி பத்தாவது படித்தவள். நின்று வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் வந்தாள்.

சொன்னதில் ஒன்றையும் அவர்கள் மீறவில்லை. அவளுக்குத் தனி அறை, தனித் தட்டு, தனிச் சொம்பு. மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் அப்பா கஞ்சி கொண்டுபோனார். இருமல் கூடியபோது, "ஆஸ்பத்திரிக்குப் போவமா, ஆத்தா?" என்று கேட்டார். "ரிசல்ட்டு வரட்டும்ப்பா. பஸ்ஸுல போயி நாலு பேருக்கு ஒட்டிவிடக் கூடாதுல்ல" என்றாள் அவள். ஊருக்கு நல்லது நினைத்த பெண். மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகு ஆம்புலன்ஸை அழைத்தார்கள். திண்டுக்கல் வந்து சேர்ந்ததும் மருத்துவர்கள் என்னவெல்லாமோ செய்து பார்த்தார்கள். வயிற்றில் இருந்த பிள்ளையோடு அவள் போய்விட்டாள்.

காரியம் முடிவதற்கு முன்பே வீட்டுக்கு ஒரு போன் வந்தது. முடிவு வந்துவிட்டதாம், பன்றிக்காய்ச்சல்தானாம், நோயாளி தொடர்ந்து வீட்டிலேயே தனித்திருக்க வேண்டுமாம். நல்லுசாமி போனைக் கீழே வைத்தார்.

கர்ப்பத்திலோ பிள்ளைப்பேற்றிலோ ஒரு பெண் இறந்தால் ஏன் இறந்தாள் என்று ஆராயக் கூட்டம் போடுவார்கள்; குடும்பத்தாரையும் அழைப்பார்கள். கேட்பதற்கு நல்ல ஏற்பாடுதான். நீளமான மேசையின் ஒரு பக்கம் அதிகாரிகளும் மருத்துவர்களும். எதிரே ஒற்றை நாற்காலியில் நல்லுசாமி, துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு. நுஸைபாவும் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சுவரொட்டியை மாற்றிய அதே அதிகாரிதான் கேட்டார்:

"ஏன்யா இம்புட்டு லேட்டாக் கொண்டாந்தீங்க? புள்ளத்தாச்சி விஷயத்துல இப்படியா அலட்சியமா இருப்பீங்க?"

நல்லுசாமிக்குக் கேள்வியே புரியவில்லை.

"லேட்டா? நாங்களாய்யா? ரிசல்ட்டு வார வரைக்கும் வீட்டுல இருக்கணும்னு செவுத்துல போட்டிருந்துச்சு. எம்மக படிச்சுச் சொன்னா. அடியில ஒரு டாக்டரம்மா பேரும் இருந்துச்சு. படிச்சவுக சொன்னா சரியாத்தான இருக்கும்னு இருந்தோம்யா."

"சரி, சரி. ‘குடும்பத்தார் தாமதம்’னு எழுதிக்கங்க" என்று அதிகாரி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

நுஸைபா எழுந்து நின்றார்.

"அந்தப் பேரு என்னோடதுங்கய்யா" என்றார் நல்லுசாமியைப் பார்த்து. "கர்ப்பிணிங்க காத்திருக்கக் கூடாது, அன்னைக்கே வரணும்னுதான் நான் எழுதிக் குடுத்தேன். அதை எடுத்துட்டுக் காத்திருக்கச் சொன்னது இந்த ஆபீசு. தாமதம் உங்களோடது இல்ல. எங்களோடது."

"உட்காருங்க மேடம். இது அதுக்கான இடம் இல்ல."

"இதுக்கு வேற எந்த இடம் சார்? அவர் மகளைக் கொன்னது காய்ச்சல் மட்டும் இல்ல. நம்ம போட்ட வரியும்தான். இப்ப பழியையும் அவர் தலையில வைக்கிறீங்க. இன்னமும் அந்த நோட்டீஸ் சுவத்துல இருக்கு. இன்னைக்கும் யாரோ ஒரு பொண்ணு அதைப் படிச்சுக்கிட்டு இருப்பா."

ஒரு மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் தெரியும், அங்கிருந்த பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். அந்த மௌனத்தை இன்றைக்கு நினைத்தாலும் நுஸைபாவுக்குக் காது சூடாகிறது.

வெளியே வராந்தாவில், சென்னைக்கு இரண்டு முறை எழுதியும் பதில் வரவில்லை என்று சொல்லி நல்லுசாமியிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்கே இப்படிக் கத்தியிருக்கணும்மா நீங்க. கடுதாசி போட்டுக்கிட்டு இருந்தீகளாக்கும்."

நுஸைபா வாசலுக்கு நடந்துபோய், இறப்புச் செய்திக்காக அங்கே நின்ற செய்தியாளர்களிடம் நீக்கப்பட்ட வரியை ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அடுத்த நாள் செய்தித்தாள்கள் என்ன போட்டன தெரியுமா? ‘கூட்டத்தில் அதிகாரி – பெண் விஞ்ஞானி மோதல்’. மோதல் இருந்தது, நுஸைபா விரலை நீட்டிப் பேசும் படம் இருந்தது. கர்ப்பிணிகள் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் எதிலும் இல்லை.

செய்தியாளர்களில் ஒருவரான கிளெமென்ட்டை போனில் பிடித்துத் திட்டித் தீர்த்தார். "நான் சண்டை போடவா வந்தேன்? உங்க பேப்பரை நம்பி ஒருத்தி வீட்டுல படுத்துக் கிடப்பா. அவளுக்கு என் கோபம் எதுக்கு? அந்த வரியைப் போடுங்க." கிளெமென்ட் மறுநாள் அதைத் தனிக் கட்டம் கட்டிப் போட்டார். அப்துல் கையூம் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் அதை வாசிக்க வைத்தார். நல்லுசாமி யாரும் கேட்காமலே பூ மார்க்கெட்டில் மைக்கை வாங்கி, தன் மகள் எப்படிச் செத்தாள் என்று சொல்லி, காய்ச்சல் வந்த புள்ளத்தாச்சிகள் உடனே போகச் சொன்னார். அதற்கு மேல் பேச முடியாமல் மைக்கைக் கொடுத்துவிட்டார்.

கர்ப்பிணிகள் வந்தார்கள். பூக்காரப் பெண்கள், பீடி சுற்றும் பெண்கள், ஆசிரியைகள். மாத்திரை கிடைத்தது, பிழைத்தார்கள். ஊர் ஒன்றும் பதறவில்லை. மேலிடத்திலிருந்து அதே கருத்தில் உத்தரவு வந்தது. புதிய சுவரொட்டி அடித்தார்கள். செய்தியாளர்கள் முன்னால் அந்த வரியைத் தன் யோசனைபோல வாசித்துக் காட்டினார் அதே அதிகாரி. பிறகு பதவி உயர்வில் வேறு மாவட்டம் போனார். நுஸைபாவின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை.

இப்போது அவர் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்துகிறார். ‘குடும்பத்தார் தாமதம்’ என்ற வார்த்தைகளை அந்தக் கூட்டத்தின் அறிக்கையிலிருந்து நீக்கச் சொல்லி மனு மேல் மனுவாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். ‘பரிசீலனையில் உள்ளது’ என்பார்கள். அல்லது கோப்பு வேறு பிரிவுக்குப் போயிருக்கும். ஒவ்வொரு முறையும் சேவுகம்பட்டிக்குப் போய் நல்லுசாமியிடம் சொல்லிவிட்டு வருவார். அவர் வாங்க என்று சொல்வதில்லை, போங்க என்றும் சொல்வதில்லை. போன மாதம் போனபோது பூக்கூடைக்குச் சாக்கு தைத்துக்கொண்டிருந்தார்.

"மாத்திட்டாகளா?"

"இல்லய்யா."

"அப்ப மறுபடி போங்க" என்றார் நல்லுசாமி. "நானும் வாரேன்."