கத்தரிச்ச ஆறு

பழைய மேப்பைப் பெருசாக்கிப் பிரிண்ட் போட்டுத் தர்ற கடையைக் கள்ளக்குறிச்சியில வெச்சுக்கினு உக்காந்திருக்கேன். கடை வெச்சு நொந்தவங்களுக்கு என் வயித்தெரிச்சல் புரியும்.

மேப்பு எங்க?

கச்சிராயபாளையம் பக்கம் ஆத்துக்குள்ள கட்டின வூடுங்களை இடிக்கப் போறதா கூலிக்காரங்க தெருவுல நோட்டீஸ் ஒட்டினாங்க. அந்தக் காலத்துல ஆறு எங்க ஓடிச்சுன்னு சொல்ல வெள்ளைக்காரன் போட்ட மேப்புதான் சாட்சி. தாலுக்கா ஆபீஸ்ல இருந்ததைக் கரையான் தின்னுடுச்சு. நல்ல பிரதி என் கடையில தொங்குது, ஒருத்தராச்சும் வந்து கேக்கணுமே! விசாரிக்கற அதிகாரி சுலபமா சொல்லிட்டாரு: “அவங்கவங்க மேப்பை அவங்கவங்களே கொண்டாந்துடுங்க.”

வளைவு வேணாம்

மொதல்ல வந்தவரு பெரிய நிலக்காரரு. மேப்புல ஆறு வளைஞ்சு போற இடம் பூரா இப்ப அவரு கரும்பு. அதுக்குப் பக்கத்துலதான் அந்தத் தெரு. ரெண்டுமே ஆத்துக்குள்ளதான், ஆனா கரும்புல நோட்டீஸ் ஒட்ட மட்டும் பசை பத்தலை போல. தெரு இருக்கற இடம் வரணும், கரும்பு இருக்கற இடம் வரக்கூடாது, அப்படிக் கத்தரிச்சுப் போடணுமாம். ஆத்தைக் கத்தரிக்கலாமாங்கன்னு கேட்டேன். வெக்கமே இல்லாம சொன்னாரு: “ஆத்தை எப்பவோ தூர்த்தாச்சு தம்பி, பேப்பர்லதான் பாக்கி.”

அதே மாதிரி இன்னொண்ணு

அடுத்து அந்தத் தெருவுல இருந்து செல்வி வந்தாங்க. அவரு கரும்பை வெட்டறவங்களே அவங்கதான். வூடு போனா புள்ளைங்கள எங்க இட்டுக்கினு போறதுன்னு அழுதாங்க. எனக்கு ஆத்திரம் தாங்கலை. அவரு கத்தரிச்சு வாங்கிக்கினு போனதைச் சொல்லி, முழு மேப்பு தர்றேன், அவரு வண்டவாளமும் வெளிய வரட்டும்னேன். முழுசா காட்டினா அவருக்கு வக்கீல் வருவாரு, எங்களுக்கு ஜேசிபிதான் வரும்னு கண்ணைத் துடைச்சுக்கினாங்க. அப்புறம் நிதானமா கேட்டாங்க: “அவருக்குப் போட்ட மாதிரியே போடுங்கண்ணா. கரும்பு இருக்கட்டும், எங்க தெரு மட்டும் வேணாம்.”

விசாரணை

வேடிக்கை பாக்க நானும் போனேன். அவரு மேப்புல தெரு இருக்கற இடம் ஆறு. செல்வி மேப்புல கரும்பு இருக்கற இடம் ஆறு. அதிகாரி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாரு. இடிச்சா ரெண்டையும் எடுக்கணுமேன்னு இழுத்தாரு. நிலக்காரரு மூஞ்சி சுண்டிப்போச்சு. மனுசனுக்கு எங்க இருந்துதான் அவ்வளோ இரக்கம் வந்துச்சோ, எழுந்து கையெடுத்துக் கும்புட்டாரு: “ஏழைங்க சார், பாவம். இருந்துட்டுப் போகட்டும்.”

நோட்டீஸைக் கிழிச்சுட்டாங்க, தெருவும் பொழைச்சுது, கரும்பும் பொழைச்சுது, முழு ஆறு மட்டும் என் கடைச் செவுத்துல கேக்க ஆளில்லாம ஓடிக்கினு இருக்குது.