கண் வைக்காத சுவர்

என் புருஷன் வேம்புலி சுவரில் படம் எழுதுகிறவர். ஆவடி முதல் மாங்காடு வரை அம்மன் கோயில் சுவர்களில் பாதி அவர் கை. உருவம் முழுக்க எழுதிவிட்டுக் கடைசியில்தான் கண் திறப்பார். கண் திறக்காமல் விட்ட உருவம் எழுதியவன் வீட்டைத் தேடி வரும் என்பார்கள் எங்கள் பக்கம்.

சண்டைக் காலம். ஆவடியில் பட்டாளத்துக் கிடங்கின் வெளிச்சுவரில் படம் எழுத அவரைக் கூப்பிட்டார்கள். பட்டணத்தில் ஓவியம் படித்த உலகநாதன் என்பவர் காகிதத்தில் வரைந்து கொடுப்பார். இவர் அதைச் சுவரில் பெரிதாக எழுத வேண்டும். மண் சுமக்கிற பெண்கள், வண்டி தள்ளுகிற ஆட்கள். சோறு கொண்டுபோனவள் திக்கென்று நின்றுவிட்டேன். ஒரு முகத்திலும் கண் இல்லை, மூக்கு இல்லை. உரித்த முட்டை மாதிரி இருந்தது. அதில் ஒருத்தி வயிற்றுப்பிள்ளைக்காரி. எனக்கும் அப்போது ஏழு மாதம்.

“இன்னாய்யா இது, கண்ணு எங்க?”

புது மாதிரிப் படம், இப்படித்தான் இருக்குமாம் என்றார். உனக்கு எதற்கெடுத்தாலும் பயம் என்று சிரிக்க வேறு செய்தார். வந்த ஆத்திரத்தில் தூக்குச்சட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் அவர் சாப்பிட உட்கார்ந்த நேரம், மடியில் முடிந்துகொண்டுபோன அடுப்புக்கரியால் அந்த வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு மட்டும் இரண்டு கண் வைத்தேன். திரும்பினால் உலகநாதன் நிற்கிறார். பட்டாளத்துச் சுவராயிற்றே, உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று பயந்து கரியை மடிக்குள் ஒளித்தேன். அவர் திட்டவில்லை. முகம் இல்லாவிட்டால்தான் பார்க்கிறவர்கள் தங்கள் முகத்தை அதில் வைத்துப் பார்ப்பார்கள் என்று பொறுமையாகச் சொன்னார். நான்தான் வைத்துப் பார்த்துவிட்டேனே, அதுதானே என் பயம்! கரிக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன். கண்ணை அழிக்கச் சொல்லிவிட்டுப் போனார். என் புருஷன் என்னைப் பார்க்காமலே அதன்மேல் வண்ணம் பூசினார். தூரிகை இரண்டு தடவை கை நழுவியது. கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் இரண்டு மாதம் எனக்குச் சரியான தூக்கமே இல்லை. அவர் மட்டும் சீட்டியடித்துக்கொண்டு வேலைக்குப் போனார். கல்நெஞ்சுக்காரன் என்று மனசுக்குள் வைதேன்.

ஒரு மத்தியானம் வலி கண்டது. பிள்ளை அழுத சத்தம் கேட்டதும் மருத்துவச்சி கெங்கம்மாளைக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கதவுக்கு வெளியே அவர் குரல் கேட்டது. ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை.

“கெங்கம்மா, புள்ளைக்குக் கண்ணு கீதா?”

அவள் பிள்ளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“கீது நைனா. நல்லா முழிச்சிகினு கீது.”

வெளியே அவர் தேம்பி அழுகிற சத்தம் கேட்டது.