சுவரில் ஒட்டிய பிள்ளை

என் அண்ணி பஸ் டிப்போவில் வண்டி கழுவுகிறாள். அண்ணன் அங்கே டிரைவராக இருந்தான். அவன் இறந்த பிறகு, அந்தக் குடும்பத்துக்கு வேலை என்று சொல்லி இவள் கையில் தண்ணீர்க் குழாயையும் பிரஷ்ஷையும் கொடுத்தார்கள். "ஓட்டினவர் போயிட்டார், கழுவுறவ வந்துட்டேன். பஸ்ஸு எங்கள விடமாட்டேங்குது" என்று சிரிப்பாள். எதையும் சிரித்துக்கொண்டே சொல்வதால், அவளுக்குக் கோபமே வராது என்று நிறையப் பேர் நினைத்துவிட்டார்கள்.

வண்டியின் முதுகில் யாராவது போஸ்டர் ஒட்டியிருந்தால் அதை எடுப்பதும் அவள் வேலைதான். காய்ந்த காகிதத்தைச் சுரண்டினால் பெயிண்டும் சேர்ந்து வந்துவிடும். "நல்லா நனைச்சு விட்டுடணும். பசை ஊறுற வரைக்கும் கை வைக்கக் கூடாது. அப்புறம் கீழ் மூலையில சுரண்டுற தகட்ட விட்டா தானா உரிஞ்சு வரும்" என்பாள்.

அண்ணன் போனதிலிருந்து அவளும் அவள் மகளும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். மகளை வாலு என்று கூப்பிடுவோம். கால் ஓரிடத்தில் நிற்காது. இருப்பது இரண்டு அறை. என் வீட்டுக்காரர் தையல்காரர், முன்னறையில் அவருடைய மிஷின். அதை ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் அண்ணி பாய் விரிக்க முடியும். சாமி கும்பிட எனக்கென்று ஒரு மூலை கிடையாது. அடுப்புக்கு முன்னால் நின்றபடி கண்ணை மூடிக்கொள்வேன். கடவுளுக்குப் புகை பழகிப்போயிருக்கும்.

வீட்டு உரிமையாளருக்கு இது பிடிக்கவில்லை. "உங்க குடும்பத்துக்குத்தான் வீடு விட்டேன். அவங்களுக்குப் புது அடுக்கு வீட்டுல இடம் உறுதின்னா கட்டி முடிக்கிற வரைக்கும் பொறுத்துக்கறேன். இல்லேன்னா வேற இடம் பாக்கச் சொல்லுங்க" என்றார்.

அந்த அடுக்கு வீடுதான் அண்ணியின் ஒரே நம்பிக்கை. பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு காலி நிலம் இருக்கிறது. இல்லாதவர்களுக்காக நகராட்சி அங்கே வீடு கட்டப்போவதாகப் பேச்சு. இந்தத் தேர்தல் நேராக அந்த நிலத்தின் மேல் வந்து விழுந்தது. தேர்தலில் நின்ற வக்கீல், அங்கே வகுப்பறைதான் கட்ட வேண்டும் என்றார். எதிரே நின்ற சிமெண்ட் கடைக்காரர், வீடுதான் கட்ட வேண்டும் என்றார்.

பள்ளிக்கூடத்தில் இடம் இல்லை என்பதும் பொய்யில்லை. என் மகன் வகுப்புக்கு வெளியே நடையில் உட்கார்ந்து படிக்கிறான். மழை அடித்தால் பையைத் தலையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நிற்பான். வாலுவின் வகுப்பில் பெஞ்சு கிடையாது, மடியில் வைத்துத்தான் எழுத வேண்டும்.

"நம்ம பிள்ளைங்க படிக்கிற லட்சணத்தப் பாத்துமா வீடு வீடுங்கறீங்க அக்கா?" என்பார் என் வீட்டுக்காரர்.

"படிச்சுட்டு வர்ற பிள்ளைக்குப் படுக்க இடம் வேண்டாமா தம்பி?" என்பாள் அண்ணி.

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். நியாயத்தையே இரண்டாகப் பிளந்து ஒரே வீட்டுக்குள் மோதவிட்டு, ஓட்டுக் கேட்டு வாசலில் கும்பிடு போடுகிறார்களே, அவர்களை நினைத்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் அண்ணி ஈரமான போஸ்டர் ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வேலையிலிருந்து வந்தாள். கிழியாமல் உரித்திருந்தாள். தரையில் விரித்தாள். படத்தில் வாலு மடியில் நோட்டை வைத்துக்கொண்டு பென்சிலைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மேலே, "இந்தப் பிள்ளைக்கு ஓர் இடம் வேண்டாமா?" என்று கொட்டை எழுத்து. மூலையில் வக்கீல் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"அத்தை, நான் பஸ் பின்னாடி போறேன்!" என்று வாலு குதித்தாள். "பள்ளிக்கூடத்துக்குக் கேமராவோட வந்தாங்க. எழுதுற மாதிரி உக்காரச் சொன்னாங்க."

எங்களை யாரும் கேட்கவில்லை. அண்ணி அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் பள்ளி மைதானத்தில் விவாதக் கூட்டம். இரண்டு பேரும் மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் மூவரும் போயிருந்தோம்.

"அடுக்கு வீடு வந்தா வெளியிலேருந்து எத்தன குடும்பம் வந்து குவியும்?" என்று வக்கீல் குரலை உயர்த்தினார். "அவங்க பிள்ளைங்கள எங்க உக்கார வைக்கறது? முதல்ல நம்ம பிள்ளைங்க!"

கைதட்டல் எழும்பியது. என் வீட்டுக்காரரும் தட்டினார். அண்ணி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். அவர் கையை இழுத்துத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார். அண்ணி எழுந்து மைக்குக்குப் போனாள்.

"ஐயா, உங்க போஸ்டர்ல இருக்கறது என் பொண்ணு."

"அப்படியாம்மா! ரொம்ப சந்தோஷம். அவளுக்காகத்தான் நான்..."

"அந்த அடுக்கு வீட்டுக்குக் காத்துக்கிட்டு இருக்கறதும் அவதாங்க. வெளியிலேருந்து வந்து குவியறவங்கன்னு சொன்னீங்களே, அது யாரு? நாங்களா?"

வக்கீல் சிரிப்பை விடவில்லை. "உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. இது கொள்கை விஷயம்."

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்க. ஆரம்பிச்சா இந்த மைக்கு தாங்காது."

கூட்டம் சிரித்தது. சிமெண்ட் கடைக்காரர் துள்ளி எழுந்தார். "மேடைக்கு வாங்கம்மா! இந்தத் தாயோட கண்ணீரப் பாருங்க மக்களே!"

"கண்ணீர எங்கங்க பாத்தீங்க? உங்க அடுக்கு வீட்டுல எனக்கு ஒண்ணு உண்டா? அத மட்டும் சொல்லுங்க."

"பேங்க் கடன் போட்டுத் தவணையில..."

"பஸ் கழுவுறவளுக்கு எந்த பேங்க்குங்க கடன் தரும்?"

"அதெல்லாம் ஜெயிச்சதும் உக்காந்து பேசிக்கலாம்மா. இப்ப பொண்ணோட நின்னு ஒரே ஒரு போட்டோ..."

"ஒரு தடவ எடுத்ததே போதும்" என்று அண்ணி வக்கீல் பக்கம் திரும்பினாள். "என் பொண்ணு படத்த எடுத்துடுங்க."

"ஓட்டுப் போட்டு முடிஞ்சதும் எடுத்துடுவாங்கம்மா."

நேரம் முடிந்தது என்று கூட்டத்தை நடத்தியவர் மைக்கை அணைத்துவிட்டார். அண்ணி அதற்கப்புறமும் ஏதோ சொன்னாள். பின்னால் உட்கார்ந்திருந்த எங்களுக்குக் கேட்கவில்லை.

வீட்டு உரிமையாளரும் கூட்டத்தில்தான் இருந்தார். அண்ணிக்கு அங்கே வீடு கிடைக்காது என்று அவர் காதால் கேட்டுவிட்டார். மறுநாளே வாசலில் வந்து நின்றார். "உங்க அண்ணி நல்லாப் பேசினாங்க" என்று பாராட்டிவிட்டுத்தான் காலி செய்யச் சொன்னார். நானும் கெஞ்சிப் பார்த்தேன். மசியவில்லை.

கடைசி பஸ் நிறுத்தத்தையும் தாண்டி, தகரக் கூரை போட்ட ஓர் அறை கிடைத்தது. அண்ணி விடியுமுன்னே டிப்போவில் இருக்க வேண்டும். அவ்வளவு தூரத்திலிருந்து வாலுவைத் தினமும் யார் கூட்டிவருவது? பள்ளியிலிருந்து பேரை எடுத்துக்கொண்டு போனாள். புது இடத்துப் பள்ளிக்கூடத்தில், இந்த வருஷம் இடமே இல்லை, அடுத்த வருஷம் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். வாலு இப்போது அந்தத் தகரத்துக்குக் கீழே சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.

என் மகனைப் பள்ளியில் விடும்போதெல்லாம் அதன் சுற்றுச்சுவரைப் பார்க்கிறேன். வரிசையாக வாலு. "இந்தப் பிள்ளைக்கு ஓர் இடம் வேண்டாமா?" அவளுக்கு அந்தச் சுவரில் மட்டும்தான் இடம் கொடுத்திருக்கிறார்கள். அடுப்புக்கு முன்னால் கண்ணை மூடி, இந்தக் கோபத்தை எடுத்துவிடு சாமி என்று கேட்கப் பார்த்தேன். வாய் வரவில்லை. அவளுக்கு ஒரு வழி காட்டு என்று மட்டும் கேட்டேன்.

அண்ணி மறந்துவிட்டுப் போன தகடு ஒன்று ஜன்னலில் கிடந்தது. அதை இடுப்பில் செருகிக்கொண்டு வாளியைத் தூக்கினேன்.

"எங்க கெளம்பிட்ட?" என்றார் வீட்டுக்காரர், மிஷினை நிறுத்தாமல்.

"பள்ளிக்கூடத்துச் சுவத்தக் கழுவ."

மிஷின் நின்றது. "யாராவது பாத்தா?"

"பாக்கட்டும். நீங்க கைதட்டினத எல்லாரும் பாத்தாங்கல்ல?"

அவர் எழுந்தார். இன்னொரு வாளியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

முதல் போஸ்டரை நனைத்தபோதே பள்ளிக்கூடத்துக் காவல்காரர் ஓடிவந்தார். "ஏம்மா, அவங்க ஆளுங்க பாத்தா சண்டைக்கு வருவாங்க!"

"வரட்டும் அண்ணே. எங்களக் கேக்காம என் மருமகள ஒட்டினாங்க. நானும் அவங்களக் கேக்காம எடுத்துக்கறேன்."

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், நாங்கள் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக் கதவைத் திறந்துவிட்டார்.

வரிசை முழுவதும் நனைத்து முடித்தோம். வீட்டுக்காரர் தகட்டை வாங்கி அவசரமாகச் சுவரில் வைத்தார். அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"இருங்க, இன்னும் ஊறல. இப்பச் சுரண்டினா அவ முகம் கிழிஞ்சுடும்."