வாழைமட்டைக் குழி

மாட்டை விற்றுவிடு என்று வெள்ளையம்மாளிடம் சொல்லாத ஆள் ஸ்ரீரங்கத்தை ஒட்டிய எங்கள் மேலூரில் கிடையாது. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு மிஞ்சியது கொள்ளிடக்கரையில் கொஞ்சம் மணல்தரையும் ஒரு செவலைப் பசுவும்தான். கோடையில் புல் விற்கிற பிச்சமுத்து கொண்டுவரும் கட்டை நம்பித்தான் பசு பிழைத்தது. பால் விற்று வந்ததெல்லாம் அவன் மடிக்கே போனது.

"மாட்டை விக்க மாட்டேன். புல்லை நானே வளத்துக்கிறேன்" என்றாள்.

மணலில் புல் வர எரு வேண்டும். எங்கள் பக்கத்தில் எரு நெல்லுக்கும் வாழைக்கும்தான். புல்லுக்கு எரு போடுகிறவளுக்குப் பைத்தியம் என்றார்கள். ஒற்றை மாட்டுச் சாணம் எந்த மூலைக்குக் காணும்? ஆனால் சுற்றிலும் வாழைத்தோப்பு. தார் வெட்டியதும் மரத்தை வாய்க்காலில் தள்ளிவிடுவார்கள். அதைக் கேட்டு வாங்கி, தலையில் சுமந்து வந்து குழியில் போட்டாள்.

முழுமரமாகப் போட்டதுதான் தப்பு. வாழைமரத்தில் முக்கால்வாசி தண்ணீர். மழையும் சேர்ந்துகொள்ள, குழி சேறாகிப் புழுத்தது. அந்த நாற்றத்தில் பக்கத்து வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. திட்டினேன். திட்டத்தான் செய்வேன்.

அவள் அசரவில்லை. மறுவருஷம் மரத்தைப் பிளந்து வெயிலில் வாடவிட்டாள். துண்டு துண்டாக நறுக்கி, வைக்கோல் கூளமும் சாணக்கரைசலும் மாற்றி மாற்றி அடுக்கி, மேலே மண் பூசினாள். அவ்வப்போது கிளறிவிட்டாள். கையெல்லாம் வாழைக்கறை. கடைசியில் குழியிலிருந்து கறுப்பாக, பொலபொலவென்று எரு வந்தது. அந்தச் சித்திரையில் ஊரே காய்ந்து கிடக்க, அவளுடைய கினியாப்புல் இடுப்பளவு நின்றது. பாலும் கூடியது.

பிச்சமுத்துவுக்கு வயிறு எரிந்தது. "அவ புல்லுக்குப் போடறது டவுன் கக்கூஸ் குப்பை" என்று ஸ்ரீரங்கத்தில் கிளப்பிவிட்டான். பழைய நாற்றத்தை மறக்காதவர்கள் அதை நம்பினார்கள்.

வடக்குச் சித்திரை வீதியில் ரங்கநாயகி அம்மாள் வீட்டு வாசலில்தான் தினமும் முதல் கறவை. பசுவை நிறுத்தி, கண்ணெதிரே கறந்து கொடுக்க வேண்டும். அந்த வீடு வேண்டாமென்றால் வீதியே வேண்டாமென்று சொல்லிவிடும். அன்று அம்மாள் செம்பில்லாமல் வந்தாள்.

"பெருமாளுக்குக் கண்டருளப்பண்ற பால், வெள்ளையம்மா. நீ எதையோ போட்டுப் புல் வளக்கறியாமே. இனிமே வேண்டாம்."

வெள்ளையம்மாள் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. மறுநாள் காலையில் கையில் பசு, தலையில் எருக்கூடை. அந்த வீதியில், அந்த வாசலில், கோலத்துக்குப் பக்கத்தில் கூடையை இறக்கினாள். துணைக்குப் போயிருந்த நான் இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டேன்.

"மோந்து பாருங்கம்மா. நாத்தம் இருந்தா இன்னைக்கே மாட்டை வித்துடறேன்."

அம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு குனிந்தாள். கொஞ்ச நேரம் கழித்து முந்தானையை எடுத்தாள். எருவுக்குள் மக்காத மட்டைத்துண்டு ஒன்று நாரோடு கிடந்தது.

"இது வாழைமட்டைதானே?"

"ஆமாங்கம்மா. உங்க தோப்பு மரமும் இதுல இருக்கு. பெருமாளுக்குப் படைக்க இலை அறுப்பீங்களே, அந்த மரம்தான்."

அம்மாள் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். வீதி முழுக்க எங்களையே பார்த்தது. பசு காதை ஆட்டிக்கொண்டு நின்றது. எனக்குப் போதும், போய்விடலாம் என்றிருந்தது. வெள்ளையம்மாள் நகரவில்லை.

அம்மாள் திரும்பி வந்தபோது ஒரு கையில் செம்பு, மறுகையில் பழைய பூக்குடலை.

"கறந்து குடு. இதுல ரெண்டு கை எரு போடு. ஆத்துக் கொல்லையில பெருமாளுக்குச் சாத்தற திருத்துழாய்ச் செடி வாடிக் கெடக்கு."

வெள்ளையம்மாள் முதலில் அந்தத் துளசிக்காகக் குடலையை நிரப்பினாள். கையைக் கழுவிவிட்டு, பிறகுதான் கறக்க உட்கார்ந்தாள்.